பால் சுறாவின் வாயோரக் கோடு

(கடற்கரை ஊர் ஒன்றின் கிளை நூலகத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்குச் சுறாவைப் பற்றிப் பேச்சு என்று வாசல் பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே வரும்போது ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "ஐயா, அது ஆளைத் தின்னுமா?" "நான் பேச வந்திருக்கும் சுறா உன் கையைவிடக் கொஞ்சம்தான் நீளம். அது ஆளைத் தின்னாது தம்பி, ஆள்தான் அதைத் தின்கிறோம்" என்றேன். பால் சுறாவைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களில் பாதிப்பேராவது பிள்ளை பெற்ற பத்தாம் நாளில் இந்த மீனின் புட்டைச் சாப்பிட்டிருப்பீர்கள். மஞ்சள் போட்ட தண்ணீரில் துண்டுகளை வேகவைத்து, மணல் ஒட்டினதுபோல் சொரசொரக்கும் தோலை உரித்து, நடுமுள்ளை உருவி, சதையை உதிர்த்து, கையால் பிழிந்து தண்ணீரை எடுத்துவிட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கிய சட்டியில் கொட்டிக் கிளறுவது. ஏன் பிழிகிறோம்? சுறா தன் உடம்பில் யூரியாவைத் தேக்கி வைத்துத்தான் கடலின் உப்புக்கு ஈடுகொடுக்கிறது. செத்த பிறகு அந்த யூரியா அம்மோனியாவாக மாறி நாற்றம் எடுக்கும். சிறிய சுறாவாக, பிடித்த அன்றைக்கே சமைக்க வேண்டும் என்று நம் பாட்டிமார் வைத்த விதிக்கு வேதியியல் காரணம் இருக்கிறது. இந்த இறைச்சியில் பால் ஊறவைக்கும் தனிச்சத்து எதுவும் இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. உடம்பு தளர்ந்து கிடப்பவளுக்குக் கொழுப்பு குறைந்த, முள் குத்தாத, எளிதில் செரிக்கும் மீன் அது. அந்த ஒரு காரணமே போதும். இதைத் தின்றால் தாய்ப்பால் ஊறும் என்கிற நம் நம்பிக்கையிலிருந்தே, ஆங்கிலத்திலும் அந்த மீனுக்குப் பால் சுறா என்று பெயர் ஆகிவிட்டது. 1837இல் ருப்பெல் என்கிற ஜெர்மானியர் செங்கடலில் கிடைத்ததை வைத்து அதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார்: ரைசோப்ரியோனோடான் அகூட்டஸ்.

சிக்கல் பெயரில்தான் தொடங்குகிறது.

நான் மீன் கணக்கெடுக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஏலக்கூடத்தில் விடியற்காலையில் நின்றிருந்தேன். கூடையில் முழ நீளச் சுறாக்கள் இருபது முப்பது கிடந்தன. "பால் சுறா, ஒரு கூடை" என்று நோட்டில் எழுதினேன். கூடைக்குச் சொந்தக்கார அக்கா எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. என்ன எழுதினேன் என்று கேட்டார், சொன்னேன். "தம்பி, ரெண்டையும் ஒரே பேருல எழுதுறீங்களே. இது வேற, அது வேற. கண்ணால பாத்தா தெரியாது, விரலை வச்சுப் பாருங்க" என்று என் ஆள்காட்டி விரலைப் பிடித்து ஒரு மீனின் வாயோரத்தில் வைத்தார். கடைவாயிலிருந்து முன்பக்கமாக, மேலுதட்டை ஒட்டி ஒரு நீளமான கோடு, நகம் பதியும் ஆழத்தில் ஓடியது. அடுத்த மீனில் அந்தக் கோடு இல்லை. பிறகு முதுகுத் துடுப்பைக் காட்டினார். கோடு உள்ள மீனில் துடுப்பு தோள் துடுப்புக்குச் சற்றுப் பின்னால் நின்றது. கோடு இல்லாததில் இன்னும் பின்னால், அடிவயிற்றுத் துடுப்புக்கு மேலே போய் உட்கார்ந்திருந்தது. அதன் மூக்கும் மண்வெட்டித் தகடுபோலத் தட்டையாக, நீண்டு இருந்தது. நான் இரண்டு பட்டம் வாங்கிவிட்டுப் போயிருந்தேன். அந்த வேறுபாடு புத்தகத்தில் இருந்ததும் உண்மை. விரலுக்கு அது வந்து சேர்ந்தது அந்த அக்காவிடமிருந்து.

கோடு இல்லாத அந்த இரண்டாவது மீனைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதன் கதை அபாரமானது. அதன் பெயர் ஸ்கோலியோடான் லாட்டிகாடஸ். குஜராத், மகாராஷ்டிரக் கரைகளில் பெருங்கூட்டமாகக் கிடைக்கும், நம் பக்கம் அவ்வளவு இல்லை. விலங்கியல் படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் ஃபார்மலின் வாசனையை நினைத்துக்கொள்வார்கள். இந்தியக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் மெழுகுத் தட்டில் ஊசி குத்தி அறுத்துப் படித்த சுறா இதுதான். அந்தப் படிப்புக்கு அடிப்படையாக இருந்த நூலை 1928இல் லக்னோவில் எழுதியவர் முத்தம்மா தில்லையம்பலம் என்கிற ஈழத்துத் தமிழ்ப் பெண். பின்னாளில் யாழ்ப்பாணம் சுண்டிக்குளி மகளிர் கல்லூரிக்கு அதிபராக இருந்தார். ஒரு சுறாவின் நரம்பையும் நாளத்தையும் ஒரு தமிழ்ப்பெண் வரைந்து இந்தியா முழுவதற்கும் பாடமாக்கினார் என்பது நம் பாடநூல்களில் ஒரு வரியாவது வரவேண்டிய செய்தி.

அந்த நூலை வைத்துக்கொண்டு வயிற்றை அறுத்துப் பார்த்தால் தெரியும் அதிசயம் ஒன்று உண்டு. சுறாக்களில் பல இனங்கள் முட்டையிடுவதில்லை, குட்டி போடுகின்றன. சில இனங்களில் குட்டி தாயின் கருப்பையோடு தொப்புள்கொடி கட்டிக்கொண்டு வளர்கிறது. இதை அரிஸ்டாட்டில் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மத்தியதரைக்கடல் சுறாவில் பார்த்து எழுதிவைத்தார். நெடுங்காலம் பலரும் அதை நம்பவில்லை. 1842இல் யோகானஸ் முல்லர் அறுத்துப் பார்த்து, அரிஸ்டாட்டில் சொன்னது சரி என்று நிறுவினார். அதே முல்லர்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1838இல், ஹென்லேயுடன் சேர்ந்து நம் ஸ்கோலியோடானுக்குப் பெயர் வைத்தவர். இந்த மீனின் முட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். சுறா இனங்களிலேயே மிகச் சிறிய முட்டை. கடுகைவிடச் சிறியதில் கரு பிழைக்க மஞ்சள் கரு எங்கே இருக்கும்? இல்லை. ஆகவே கரு தொடக்கத்திலேயே தாயைப் பற்றிக்கொள்கிறது. ஐந்தாறு மாதத்தில், அரைச் சாண் நீளத்துக்கு மேல் வளர்ந்த குட்டிகள், ஒரு ஈற்றில் பத்துக்கு மேல்கூட வெளியே வருகின்றன. ஆண்டுதோறும் ஈனும். ஒன்றிரண்டு வயதிலேயே பருவத்துக்கு வந்துவிடும்.

இப்போது கோடு உள்ள மீனுக்கு வருவோம், அதாவது அசல் பால் சுறாவுக்கு. சினைக்காலம் ஏறக்குறைய ஓராண்டு. குட்டிகள் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து. பிறக்கும்போதே ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இரண்டு முழம்கூட இல்லாத தாய் இத்தனை பெரிய குட்டிகளைச் சுமக்கிறாள். அவள் பருவத்துக்கு வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். எட்டு வயது வரை உயிரோடு இருந்து, தவறாமல் ஆண்டுதோறும் ஈன்றாலும், ஐந்து ஈற்றுக்கு நான்கு குட்டி வீதம் இருபது. தன் வாழ்நாள் முழுவதற்கும் இருபது! சூடையும் நெத்திலியும் ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டை விடும் கடலில் இது எவ்வளவு சின்ன எண் என்று பாருங்கள்.

சின்ன மீன் என்றால் நிறையக் குட்டி போடும், எத்தனை பிடித்தாலும் தீராது என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். நானும் படித்துத் தெரிந்துகொள்ளும் வரை அப்படித்தான் நினைத்தேன். ஒரே கூடையில் கிடக்கும் இரண்டு மீனில் ஒன்று ஓரளவு வேகமாக ஈடுகட்டும், மற்றது ஈடுகட்டாது. இரண்டையும் "பால் சுறா" என்று சேர்த்து எழுதினால் வேகமாகப் பெருகும் மீன், மெதுவாகப் பெருகும் மீன் குறைவதை மறைத்துவிடும். கணக்கில் கூடை குறையாது. கடலில் குறைந்துகொண்டே போகும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இன்று பால் சுறா அழிவாய்ப்புள்ள இனம். ஸ்கோலியோடான் அதற்கு ஒரு படி முந்தைய நிலையில் இருக்கிறது.

சரி, இது குறைந்தால் நமக்கு என்ன? பலமுறை கேட்கப்பட்ட நியாயமான கேள்வி இது. ஒருமுறை ஒரு படகோட்டி அண்ணன் இன்னும் காட்டமாகவே கேட்டார்: "இறாலைத் தின்னுது, நெத்திலியைத் தின்னுது, கணவாயைத் தின்னுது. எங்க பொழைப்பைத் தின்னுற மீனு குறைஞ்சா நல்லதுதானே?"

அவருக்கு அன்று சொன்ன பதிலை இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பால் சுறாவைக் கையில் எடுத்து மூக்கின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஊசியால் குத்தினதுபோல் வரிசை வரிசையாகத் துளைகள். புது மீனாக இருந்தால் விரலால் அழுத்தும்போது அந்தத் துளைகளிலிருந்து கண்ணாடிபோல் ஒரு கொழகொழப்பு வரும். லொரென்சினி என்கிற இத்தாலியர் 1678இல் விவரித்த உறுப்பு அது. சேற்றுக்குள் புதைந்திருக்கும் உளுவை மீனின் தசை துடிக்கும்போது உண்டாகும் மிக நுண்ணிய மின்சாரத்தைச் சுறா அதன்மூலம் உணர்கிறது. கலங்கல் தண்ணீரில், கண் உதவாத இடத்தில், சேற்றுக்குள் ஒளிந்ததை எடுக்கத் தெரிந்த வேட்டைக்காரன் அது. இன்றைக்கு உளுவை, நாளைக்கு நண்டு, மறுநாள் நடுத்தண்ணீரில் நெத்திலிக் கூட்டம். எது மிகுந்திருக்கிறதோ அதன் பக்கம் போகும். இறாலைத் தின்கிறது என்பது உண்மை. இறாலைத் தின்னும் மற்ற சிறு மீன்களையும் அதுதான் தின்கிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சமாகும் இரை வலைக்குத்தான் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அதே பால் சுறா இன்னொருவருக்கு இரை. பெரிய சுறாக்கள் அதன் குட்டிகளைத் தேடித் தின்னும். ஆகவேதான் குட்டிகள் ஆழம் குறைந்த விரிகுடாக்களில், கடற்புல் தரைகளில், கலங்கலான கழிமுகப் பக்கங்களில் ஒதுங்கி வளர்கின்றன. ஆஸ்திரேலியாவில் கிளீவ்லாண்ட் விரிகுடா என்று ஒன்று உண்டு. எட்டு இனச் சுறாக்கள் அந்த ஒரே இடத்தைத் தங்கள் குட்டிகளுக்குத் தொட்டிலாகப் பயன்படுத்துகின்றன என்று 1993இல் அங்கே எழுதிவைத்தார்கள். அவற்றில் பால் சுறாவின் சொந்தக்காரர்களும் உண்டு.

மேலே இருக்கும் பெரியதை எடுத்துவிட்டால் நடுவில் இருக்கும் சிறியது என்ன செய்யும்? தென்னாப்பிரிக்காவில் நேட்டால் கரையில், குளிப்பவர்களைக் காக்க என்று 1952இலிருந்து பெரிய சுறாக்களை வலை கட்டிப் பிடித்தார்கள். சில பத்தாண்டுகளில் கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்குப் பால் சுறாவும் மற்ற சுறாக்களின் குட்டிகளும் வழக்கத்துக்கு மேல் கிடைக்கத் தொடங்கின. தின்பவர் போனதால் தின்னப்படுபவர் பெருகினார், அவர் பெருகியதால் இன்னும் சிறிய மீன்கள் குறைந்தன என்று 1979இல் ஓர் ஆய்வாளர் எழுதினார். அந்த விளைவு அவ்வளவு பெரியதாக இருந்திருக்க முடியாது என்று பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

இன்னொரு கதை இதைவிடப் புகழ்பெற்றது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பெரிய சுறாக்கள் குறைந்தன, அதனால் ஒரு வகைத் திருக்கை பெருகியது, அந்தத் திருக்கை சிப்பிகளைத் தின்று நூறாண்டுச் சிப்பித் தொழிலையே அழித்துவிட்டது என்று 2007இல் ஒரு கட்டுரை வந்தது. உலகமெங்கும் பாடமாகச் சொல்லப்பட்டது. திருக்கையைத் தின்று விரிகுடாவைக் காப்போம் என்று இயக்கமே நடந்தது. 2016இல் வேறு சிலர் தரவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கு ஒரே குட்டி போடும் திருக்கை அத்தனை வேகத்தில் பெருகியிருக்கவே முடியாது, காலக்கணக்கும் ஒத்துவரவில்லை என்றார்கள். அதற்குள் எத்தனையோ திருக்கைகள் செத்துப்போயிருந்தன.

இந்த இரண்டையும் ஏன் சொல்கிறேன்? சுறா போனால் கடல் சீட்டுக்கட்டுபோல் சரியும் என்று உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. கடல் அத்தனை எளிய கணக்காக இருந்தால் எனக்கு வேலையே இல்லை. நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: நடுவில் நிற்கும் இந்தச் சிறு சுறா மேலும் கீழும் பல கைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அது குறையும்போது எந்தப் பக்கம் என்ன ஆகிறது என்று பார்க்க, அது எவ்வளவு இருந்தது என்ற எண்ணாவது நம்மிடம் இருக்க வேண்டும்.

சிறு சுறாக்களைப் பற்றி இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதற்கு ஒரு செய்தி. அமெரிக்கக் கரையில் ஒரு சின்னக் கொம்பன் சுறா இருக்கிறது. அதன் வயிற்றில் நிறையக் கடற்புல் இருப்பதைப் பார்த்தவர்கள், நண்டைப் பிடிக்கும்போது தவறி விழுங்கியது என்று விட்டுவிட்டார்கள். 2018இல் ஐந்து சுறாக்களுக்கு மூன்று வாரம் பத்தில் ஒன்பது பங்கு கடற்புல்லையே கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். எடை கூடியது. புல்லில் பாதியை அது செரித்துவிடுகிறது. புல் மேயும் சுறா! எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று வலையில் நெடுங்காலமாக வந்துகொண்டே இருந்திருக்கிறது.

நம் கரைக்கு வருகிறேன். நம் கடலில் பெரிய மீன்கள் முதலில் போயின. மூக்கு ரம்பமாக நீண்ட வேளா மீனை உயிரோடு பார்த்த கண்கள் இந்த அரங்கில் முன்வரிசைப் பெரியவர்களுடையவை மட்டும்தான் என்று நினைக்கிறேன். பட்டினப்பாலையில் பரதவர் சினையுற்ற சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட செய்தி வருகிறது. அந்தக் கொம்பு வேளாவின் ரம்பம்தான் என்பது பலர் கருத்து. எத்தனையோ மீன் இருக்க, அந்தப் புலவர் சினையாக இருந்ததைக் குறிப்பிட்டுச் சொன்னார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2001இல் வேளாவைச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தோம். அதற்குள் அது அரிதிலும் அரிதாகிவிட்டது.

பெரியது கிடைக்காதபோது வலை சிறியதைத் தேடுகிறது. விசைப்படகின் இழுவைமடியில் தரையோடு தரையாக வாரி வரும் குவியலில் சுறாக் குட்டிகள் கழிவு மீனான சங்காயத்தோடு சங்காயமாகக் கிடப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். தொப்புள் தழும்பு ஆறாத குட்டி, காரப்பொடியோடும் சிறு நண்டோடும் சேர்ந்து மீன்தூள் ஆலைக்குக் கிலோ விலைக்குப் போகிறது. இன்னும் சில மாதம் கடலில் இருந்திருந்தால் அதே குட்டி ஏலத்தில் தனி மீனாக நல்ல விலைக்குப் போயிருக்கும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. மடியின் கண் அளவு நாற்பது மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று விதி இருக்கிறது. உள்ளே இன்னொரு மடியை வைத்துத் தைப்பதும் எல்லோருக்கும் தெரியும்.

தடைக்காலம் இருக்கிறதே என்பீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களில் முட்டை விடும் மீன்களுக்கு அது பெரிய உதவி. நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஓராண்டு சினை சுமக்கும் தாய்க்கு 61 நாள் என்ன காவல்? மீதி முந்நூறு நாளும் அவள் வயிற்றில் குட்டியோடுதான் வலைக்கு நடுவில் நீந்துகிறாள். அவளுக்கு உதவுவது காலத்தடையைவிட இடத்தடைதான். குட்டிகள் ஒதுங்கும் ஆழம் குறைந்த பகுதியில் இழுவைமடி வராமல் இருப்பது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்கென்று 2022இல் ஒதுக்கினார்கள். கடற்புல் தரை காப்பாற்றப்பட்டால் அங்கே வளரும் எல்லாக் குஞ்சுகளுக்கும் அதில் பங்கு உண்டு. நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரப் பகுதியில் விசைப்படகு வரக்கூடாது என்று இத்தனை ஆண்டு போராடுவது பிழைப்புக்காக என்றாலும், சினைச் சுறாவுக்கும் சேர்த்துத்தான் அந்தப் போராட்டம்.

கடைசியாக ஒரு செய்தி. 2022இல் பனாமாவில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் பால் சுறா, ஸ்கோலியோடான் இரண்டும் அடங்கிய குடும்பம் முழுவதையும் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். 2023 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. பிடிக்கக்கூடாது என்று பொருள் இல்லை, பயப்படாதீர்கள். உங்கள் சட்டிக்கும் சந்தைக்கும் அதனால் தடை கிடையாது. வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டுமானால், இந்த இனத்தை இவ்வளவு பிடிப்பதால் அதற்குக் கேடில்லை என்று நாடு சான்று காட்ட வேண்டும். இனத்தின் பெயர் சொல்லிக் கணக்குக் காட்ட வேண்டும். கூடைக் கணக்கு செல்லாது.

அந்தக் கணக்கை என்னைப்போல் மாதத்துக்கு இரண்டு நாள் வந்துபோகிறவர்கள் எடுத்தால் பாதிதான் வரும். தினமும் கூடைக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் நீங்கள். வெளியே மேசையில் நாற்பது நோட்டுகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம். வாயோரக் கோடு நீளமாக உள்ளது, துடுப்பு பின்தள்ளி நிற்பது, இரண்டுக்கும் பொருந்தாதது. மூன்றாவது கட்டம் எதற்கென்றால், இதே சாயலில் கோடு குட்டையான இன்னொரு சிறு சுறாவும் நம் கரையில் வரும். அடியில் ஒரு வரி: வயிறு அறுக்கும்போது குட்டி இருந்ததா, எத்தனை. வெட்டுகிற அக்காமார்களுக்கு அது ஒரு நிமிடத்து வேலை. பள்ளிப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று எழுதிக்கொடுக்கலாம். கரைவலையில் உயிரோடு வரும் குட்டியைத் தண்ணீரில் விட்டால் அதையும் ஒரு கோடு போட்டு எழுதுங்கள்.

என் விரலைப் பிடித்துக் காட்டிய அந்த அக்கா இப்போது இல்லை. அவர் பேத்தி அதே ஏலக்கூடத்தில் கூடை வைத்திருக்கிறாள். முதல் நோட்டை அவளிடம் போன வாரமே கொடுத்துவிட்டேன். நேற்று வரை பதினொரு பக்கம் எழுதியிருக்கிறாள். விரும்புகிறவர்கள் போகும்போது மேசையில் பெயரைச் சொல்லி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.